எந்த சர்க்யூட் கஷ்டம்? எதை வைத்து அளப்பது?

ப்ராஜெக்ட் ரிவ்யூ மாதங்களில் திருச்சி வட்டாரத்துக் கல்லூரி லேப்களை எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சின்னச் சின்ன சர்க்யூட்களெல்லாம் திடீரென்று பெருக்க ஆரம்பிக்கும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற சர்க்யூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, சில ரெசிஸ்டர், அவ்வளவுதான். ரிவ்யூவுக்கு முந்தின வாரம் அதற்கு ஒரு எல்சிடி வரும். எல்சிடிக்காக ஒரு ஆர்டுயினோ வரும். ஆர்டுயினோதான் வந்துவிட்டதே என்று ஒரு வைஃபை மாட்யூல், அதற்கு ஒரு மொபைல் ஆப். கடைசியில் எல்லாம் மின்னும், மோட்டார் மட்டும் நிற்காது.

"ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "சின்னதா இருந்தா மார்க் போட மாட்டாங்க சார். போர்டு நிறைய பார்ட்ஸ் இருந்தாத்தான் கஷ்டமான ப்ராஜெக்ட்னு நம்புவாங்க."

பையன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மார்க் போடுகிற நாங்களே பல நேரம் போர்டின் பரப்பைப் பார்த்துத்தான் போடுகிறோம். ஒரு சர்க்யூட் இன்னொன்றைவிடக் கஷ்டமானது, சிக்கலானது என்று எதை வைத்துச் சொல்வது? விளையாட்டுக் கேள்வி இல்லை இது. எண்பது வருஷமாக இன்ஜினியர்களும் கணிதக்காரர்களும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஒருவர் மேற்பார்வையில் உருவாகி, நாம் எல்லோரும் தொட்ட ஒரு பெட்டிக்கும் இந்தக் கேள்வியோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பாகங்களை எண்ணினால்

முதலில் தோன்றுகிற அளவு, எத்தனை பாகம் என்பது. இதை மட்டம் தட்டவே கூடாது. ஒரு விஷயத்துக்கு இது மிகச் சரியான அளவு: நம்பகம்.

ஒரு சர்க்யூட்டில் எந்தப் பாகம் போனாலும் மொத்தமும் படுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகமும் ஒரு வருஷம் தாங்குவதற்கு 99.9 சதவீதம் வாய்ப்பு. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 100 பாகம் இருந்தால் மொத்தமும் தாங்குகிற வாய்ப்பு 90.5 சதவீதம். 1,000 பாகம் இருந்தால் 36.8 சதவீதம்தான். எல்லாவற்றையும் பெருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் வி-1 பறக்கும் குண்டில் வேலை பார்த்த ராபர்ட் லுஸ்ஸர் பெயரால் இதை லுஸ்ஸர் விதி என்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் மில்-எச்டிபிகே-217 கையேட்டில் இருக்கும் பாக எண்ணிக்கை முறையும் இந்த வழியில் வந்ததுதான். ஒவ்வொரு பாகத்தின் பழுது வீதத்தையும் கூட்டிக்கொண்டே போனால் போர்டின் பழுது வீதம் வந்துவிடும். வைஃபை மாட்யூலை வைத்ததும் மோட்டார் நிற்காமல் போனதில் இந்தப் பெருக்கல் கணக்குக்கும் பங்கு உண்டு.

சரி, எது எப்போது பழுதாகும் என்று பாகங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியுமா?

உறையூர்ப் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து தொழிலில் இருந்த பெரியவர். ஆறு டிரான்சிஸ்டர் ரேடியோவையும், இருபது முப்பது ஐசி போட்ட டிஜிட்டல் கடிகாரத்தையும் காட்டி, "எதுங்கய்யா கஷ்டம்?" என்று கேட்டேன். "தம்பி, டிரான்சிஸ்டரை எண்ணாதீங்க, காயிலை எண்ணுங்க" என்றார்.

யோசித்தால் அதில் பெரிய விஷயம் இருக்கிறது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்சில் வருகிறது. சூப்பர்ஹெட் ரேடியோ அதை அப்படியே பெருக்குவதில்லை. உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் 1,391 கிலோஹெர்ட்சில் ஓட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ், ஐஎஃப்டி காயில்கள் பிடிப்பது அதைத்தான். ஸ்டேஷனை மாற்ற கேங் கண்டன்சரைத் திருப்பினால் ஏரியல் பக்கமும் ஆசிலேட்டர் பக்கமும் கூடவே நகர வேண்டும், வித்தியாசம் மட்டும் 455ஐ விட்டு விலகக் கூடாது. அலைவரிசையின் கீழ்க்கோடியில் காயிலைத் திருகிச் சரி செய்வோம். பிறகு மேல்கோடிக்குப் போய் டிரிம்மரைத் திருகுவோம். டிரிம்மரைத் திருகியதும் கீழ்க்கோடி கொஞ்சம் கெட்டுப் போயிருக்கும். மறுபடி கீழே, மறுபடி மேலே. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. டிஜிட்டல் கடிகாரத்தில் நொடிகளை எண்ணும் ஐசியை மாற்றினால் மணிகளை எண்ணும் ஐசிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே பாகம் அதிகம், ஆனால் ஒன்றோடொன்று சண்டை கிடையாது.

இதைவிட மோசம், படத்திலேயே இல்லாத பாகங்கள். பையன்களுக்கு எஃப்எம் வயர்லெஸ் மைக் மேல் தனிப் பிரியம். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், பத்துக்குள் பாகங்கள். பிரெட்போர்டில் கட்டினால் முரண்டு பிடிக்கும். ஏன்? பிரெட்போர்டின் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் யாரும் வைக்காத ஒரு கெப்பாசிட்டர், சில பிகோஃபாரட் அளவில், தானாகவே உட்கார்ந்திருக்கிறது. 5 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோஹெர்ட்சில் அதன் மறுப்பு 3 கோடி ஓமுக்கு மேல், இல்லாததற்குச் சமம். 100 மெகாஹெர்ட்சில் அதே 5 பிகோஃபாரட் சுமார் 320 ஓம். சர்க்யூட்டுக்குக் குறுக்கே ஒரு 320 ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு, "படத்துல இருக்கிற மாதிரிதான் சார் கட்டினேன்" என்றால் எப்படி?

ஆக அனலாக் உலகத்தில் கஷ்டத்தை அளக்க வேண்டுமானால், எத்தனை பாகம் ஒன்றையொன்று அசைக்கிறது, படத்தில் வராதவை எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கிற சூத்திரம் கிடையாது. டிஜிட்டல் பக்கம் நிலைமை பரவாயில்லை. அங்கே கணிதம் உதவிக்கு வருகிறது, வந்து ஒரு ஆச்சரியத்தில் கொண்டுபோய் விடுகிறது.

மாடிப்படி விளக்கும் கிளாட் ஷானனும்

மாடி வீட்டில் படிக்கட்டு விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். எதை மாற்றினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டு டூ-வே ஸ்விட்ச் போதும் என்று எந்த எலக்ட்ரீஷியனும் சொல்வார். மூன்று மாடி என்றால் நடுவில் ஒரு இன்டர்மீடியட் ஸ்விட்ச். பத்து மாடி என்றாலும் நடுவில் எட்டு இன்டர்மீடியட், முடிந்தது. மாடி ஏற ஏற ஒவ்வொன்றாகத்தான் கூடுகிறது.

லாஜிக் பாஷையில் சொன்னால், மேலே தள்ளியிருக்கும் ஸ்விட்ச்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கும் சர்க்யூட் இது. பத்து ஸ்விட்சுக்கு ஒன்பது எக்ஸார் கேட்டைச் சங்கிலியாகக் கோத்தால் போதும். இப்போது ஒரு நிபந்தனை போடுகிறேன். எக்ஸார் கிடையாது. முதல் வரிசையில் ஆண்டு கேட், இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு ஆர் கேட், தேவையான இடங்களில் இன்வெர்ட்டர், அவ்வளவுதான். டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் கார்னாஃப் மேப் போட்டு எழுதச் சொல்வோமே, அதே வடிவம். பத்து ஸ்விட்சுக்கு எத்தனை ஆண்டு கேட் வேண்டும் தெரியுமா? 512. இருபது ஸ்விட்ச் என்றால் 5 லட்சத்தைத் தாண்டும். மேப்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துச் சுருக்கலாம் என்று பார்த்தால், சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று நிரம்பியிருக்கும். ஒரு ஜோடிகூடச் சேராது.

வேலை ஒன்றுதான். எத்தனை அடுக்கு அனுமதிக்கிறோம் என்பதைப் பொறுத்து 9 கேட் 512 ஆகிறது. அதனால்தான் சர்க்யூட்டின் அளவு, ஆழம் என்று இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள். அளவு என்றால் மொத்த கேட்கள். ஆழம் என்றால் உள்ளே நுழைகிற சிக்னல் வெளியே வருவதற்குள் தாண்டுகிற கேட்கள், அதாவது தாமதம். அடுக்குகளை இரண்டிலிருந்து மூன்றாக்கு, பத்தாக்கு, ஆனால் ஸ்விட்ச் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரவிடாதே என்றால் என்ன ஆகும்? அப்போதும் இந்த ஒற்றை-இரட்டை சர்க்யூட் அடங்காது என்று 1980களின் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட், சாக்ஸ், சிப்சர் மூவரும், தனியாக அய்தாயும் நிரூபித்தார்கள். எவ்வளவு பெருத்துப் போகும் என்பதை 1986இல் யோஹன் ஹோஸ்டாட் கிட்டத்தட்டத் துல்லியமாகவே சொல்லிவிட்டார். படிக்கட்டு விளக்குக்குள் இத்தனை பெரிய தேற்றம் ஒளிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடி கிளாட் ஷானன். ரிலே சர்க்யூட்களைப் பூலியன் கணிதத்தால் எழுதலாம் என்று 1937இல் முதுகலை ஆய்வேடு எழுதியவர், 1949இல் ஒரு தலைகீழ்க் கேள்வி கேட்டார். மொத்தம் எத்தனை விதமான வேலைகள் இருக்கின்றன? இரண்டு இன்புட் இருந்தால் 16 விதம். மூன்று என்றால் 256. நான்கு என்றால் 65,536. ஐந்து என்றால் 429 கோடிக்கும் மேல். சின்ன சர்க்யூட்கள் இத்தனை விதமாக இருக்க முடியாது, எண்ணிக்கை போதாது. ஆகவே பெரும்பாலான வேலைகளுக்குப் பிரம்மாண்டமான சர்க்யூட் தேவை. இன்புட் ஒன்று கூடினால் தேவைப்படும் கேட்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆச்சரியம் இனிமேல்தான். பெரும்பாலானவை பயங்கரமானவை என்று தெரியும். ஆனால் விரல் நீட்டி, "இதோ இந்த வேலைக்குப் பெரிய சர்க்யூட் கண்டிப்பாக வேண்டும்" என்று காட்டச் சொன்னால் உலகமே விழிக்கிறது. நாம் நிஜத்தில் செய்ய விரும்புகிற வேலைகளில், இரண்டு இன்புட் கேட்களை வைத்து இன்றுவரை நிரூபிக்க முடிந்த கீழ் எல்லை, இன்புட் எண்ணிக்கையின் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அவ்வளவே. இதைப் பெரிய அளவில் உயர்த்திக் காட்டினால் கணினி அறிவியலின் ஆகப் பெரிய புதிர் அவிழ்ந்துவிடும். கிளே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்த புதிர்களில் அதுவும் ஒன்று. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் மீனா மகாஜன் போன்றவர்கள் பல வருஷங்களாக உழைத்துவரும் துறை இது. சர்க்யூட் சிக்கலை ஆராய நம்மூர்ப் பிள்ளைகள் கடல் தாண்ட வேண்டியதில்லை, பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும்.

வாசல் கோலமும் பரம் பொருளும்

துவாக்குடி என்ஐடியில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். 838 டெராஃப்ளாப்ஸ் வேகம். அதற்குள் எத்தனை டிரான்சிஸ்டர் என்று எண்ணப் போனால் தலை சுற்றும். அவ்வளவு வேண்டாம், உங்கள் லேப்டாப்பின் 1 ஜிபி ராமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும். மொத்தம் சுமார் 859 கோடி பிட். 1971இல் வந்த இன்டெல் 4004 பிராசஸரில் 2,300 டிரான்சிஸ்டர்தான். அப்படியானால் ராம், 4004ஐவிட 37 லட்சம் மடங்கு சிக்கலா?

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் மார்கழிக் காலையில் நடந்து பாருங்கள். வாசலை அடைத்துக் கிடக்கும் பெரிய சிக்குக் கோலம் ஒன்று இருக்கும். போட்டவரிடம் கேட்டால், சின்ன வடிவம் ஒன்றையும் அதை எப்படிச் சுற்றிப் பெருக்குவது என்ற வழியையும் சொல்வார், முடிந்தது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களுக்கு இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எவ்வளவு பெரிய கோலமும் பிறக்கும் என்று கணினி அறிவியல் முறையில் காட்டினார்கள். ராம் அப்படிப்பட்ட கோலம். ஒரு செல்லை உயிரைக் கொடுத்து வடிவமைத்துவிட்டால் மீதி 859 கோடியும் நகல்தான். 4004இல் அப்படி நகலெடுக்கிற வசதி குறைவு. மூலைக்கு மூலை வேறு வேலை.

ஆகவே வடிவமைக்கும் உழைப்பை அளக்க, அந்த சர்க்யூட்டை விவரிக்க எவ்வளவு நீளமான விதி தேவை என்று பாருங்கள். நடைமுறையில் இதைத் தொட்டுக் காட்டுகிற இன்னொரு அளவும் உண்டு. ஐபிஎம்மில் இருந்த ரென்ட் என்பவர் 1960இல் கவனித்தது. போர்டிலிருந்து ஒரு பகுதியைக் கத்தரித்து எடுத்தால் எத்தனை கம்பி அறுபடும்? பகுதி பெரிதாகப் பெரிதாக அறுபடும் கம்பிகளும் கூடும், ஆனால் ஒரு குறிப்பிட்ட அடுக்கு விகிதத்தில் கூடும். நினைவகங்களில் அந்த அடுக்கு மிகச் சிறியது. வேகக் கணினிகளின் கலந்தடித்த லாஜிக்கில் 0.6க்கு மேல். அடுக்கு கூடக் கூட எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கிறது என்று அர்த்தம். உறையூர்ப் பெரியவர் காயிலை எண்ணச் சொன்னதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான்.

கைக்கு எட்டுமா?

இதுவரை சொன்னவை கட்டுகிறவரின் கஷ்டம். சரி பார்க்கிறவரின் கஷ்டம் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் அளவாக இருக்க வேண்டும்.

1979இல் சாண்டியா ஆய்வகத்தின் கோல்ட்ஸ்டீன் இதற்கு எண் கொடுக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். ஸ்கோப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சர்க்யூட்டின் ஒவ்வொரு கம்பிக்கும் மூன்று எண். வெளியிலிருந்து அதை 0 ஆக்க எவ்வளவு பாடு, 1 ஆக்க எவ்வளவு பாடு, அங்கே என்ன இருக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்து பார்க்க எவ்வளவு பாடு.

எட்டு இன்புட் ஆண்டு கேட் ஒன்றை எடுப்போம். வெளியிலிருந்து நேராக வரும் கம்பிக்கு மதிப்பு 1. அவுட்புட்டை 0 ஆக்குவது சுலபம், ஏதாவது ஒரு இன்புட் 0 ஆனால் போதும்: 1 கூட்டல் கேட்டுக்காக 1, ஆக 2. அவுட்புட்டை 1 ஆக்க எட்டும் 1 ஆக வேண்டும்: 8 கூட்டல் 1, ஆக 9. மூன்றாவது இன்புட் பழுதா என்று வெளியே நின்று பார்க்க வேண்டுமானால் மற்ற ஏழையும் 1 ஆக்கி வைக்க வேண்டும்: 7 கூட்டல் 1, ஆக 8. இப்படியே கேட் கேட்டாகக் கூட்டிக்கொண்டு போனால், சர்க்யூட்டின் எந்த மூலை இருட்டு என்று எண்ணிலேயே தெரிந்துவிடும். காகிதமும் பென்சிலும் போதும்.

இது தோராயக் கணக்குதான். எந்தப் பழுதையும் பிடித்துக் காட்டும் சோதனையைக் கண்டுபிடிப்பது என்பதே பொதுவாக மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று இபாராவும், ஐஐடி கான்பூரில் படித்த சர்தாஜ் சாஹ்னியும் 1975இலேயே காட்டிவிட்டார்கள். கூடவே ஃபிளிப்-ஃப்ளாப் வந்தால் இன்னும் பாடு. பத்து ஃபிளிப்-ஃப்ளாப் என்றால் 1,024 நிலைகள். பழுது 1,023ஆவது நிலையில் மட்டும் தலைகாட்டுகிறது என்றால் அங்கே போய்ச் சேர்வதே ஒரு யாத்திரை.

அரங்கத்துக்காரரின் பெட்டி

எஸ். ரங்கராஜன் என்றால் யோசிப்பீர்கள், சுஜாதா என்றால் தெரியும். 1935இல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்ஐடியில் எலக்ட்ரானிக்ஸ். அப்துல் கலாமும் இந்த இரண்டு இடங்களிலும் படித்தவர்தான். விமானப் போக்குவரத்துத் துறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ரங்கராஜன் பெல் நிறுவனத்துக்குப் போனார். நம்ம திருவெறும்பூர் பெல் இல்லை, பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அங்கே மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர்களில் முக்கியமானவர். ஹைதராபாத் இசிஐஎல் நிறுவனமும் இந்த இயந்திரத்தைச் செய்தது. 1982 மே மாதம் கேரளாவின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் வந்தது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சொன்னது. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இதில்தான் வாக்களித்தோம்.

மேலே சொன்ன அளவுகளை ஒவ்வொன்றாக இந்தப் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். மின் இணைப்பு வேண்டாம், பேட்டரியில் ஓடும். இரண்டு பெட்டி, நடுவே 5 மீட்டர் கேபிள். நெட்வொர்க் கிடையாது, ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பட்டன், ஒரு விளக்கு, ஒரு எண்ணிக்கை. அதாவது கோலம், ஒரே வடிவத்தின் நகல்கள். கட்டுப்பாட்டு நிலைகளும் கைவிரலுக்குள் அடங்கும். அலுவலர் பேலட் பட்டனை அழுத்தினால் ஒரு வாக்கு, மறுபடி அழுத்தாமல் அடுத்தது ஏறாது. குளோஸ் அழுத்தாமல் ரிசல்ட் வராது. ரிசல்ட் பார்க்காமல் கிளியர் ஆகாது. தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியர்களைக் கேளுங்கள், சிஆர்சி என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

அதோடு, வாக்குப் பதிவு தொடங்கும் முன் முகவர்கள் எதிரில் மாதிரி வாக்குப் பதிவு நடக்கும், குறைந்தது 50 வாக்கு. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத ஒருவர் பட்டனை அழுத்தி, எண்ணிக்கையைத் தாளில் குறித்து, பெட்டி காட்டுவதோடு ஒப்பிடுகிறார். பட்டனில் கோளாறா, கேபிளில் கோளாறா, அங்கேயே தெரிந்துவிடும். கோல்ட்ஸ்டீன் முறைப்படி பார்த்தால் வெளியிலிருந்து ஆட்டவும் சுலபம், பார்க்கவும் சுலபம்.

சின்னதாக வைத்ததற்கு விலையும் உண்டு. பழைய எம்2 வகையில் ஒரு பேலட் யூனிட்டுக்கு 16 பேர், நான்கு சேர்த்தால் 64, அதற்கு மேல் போகாது. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அந்த மாதிரி நிலைமைக்கு இது ஆகாது. 2017 ஏப்ரல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 62 பேர், நோட்டாவோடு 63, மயிரிழையில் அடங்கியது. தேர்தல்தான் பிறகு ரத்தானது. அடுத்து வந்த எம்3 வகையில் 24 யூனிட் வரை கோக்கலாம். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேருக்காக 12 யூனிட்களை வரிசையாக அடுக்கினார்கள். வடிவம் அதே, நகல்தான் கூடியது.

பெட்டி எளிமையானது என்பதாலேயே எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் குழு, இயந்திரம் கையில் கிடைத்தால் உள்ளே டிஸ்ப்ளே போர்டை மாற்றி வைத்துத் தப்பான எண்ணைக் காட்ட வைக்கலாம் என்று செய்தே காட்டியது. இயந்திரங்களை யாரும் நெருங்க விடாத காவல் ஏற்பாடு இருக்கிறது என்றது தேர்தல் ஆணையம். மாதிரி வாக்குப் பதிவு தற்செயல் பழுதைப் பிடிக்கும். திட்டமிட்டு ஒளிந்திருப்பதைப் பிடிக்க அது போதாது. அந்தக் குறைக்குத்தான் 2013இலிருந்து விவிபேட் வந்தது. வாக்காளர் 7 நொடி சீட்டைக் கண்ணால் பார்க்கிறார். பார்க்க முடியாமல் இருந்த ஒரு கம்பி பார்க்கக் கிடைத்தது, நல்லது. ஆனால் பிரின்டர் வந்தது, காகிதம் வந்தது, சென்சார் வந்தது. 2018 மே மாதம் கைரானா, பண்டாரா-கோண்டியா இடைத்தேர்தல்களில் விவிபேட்கள் பல இடங்களில் மக்கர் செய்து, மறுவாக்குப் பதிவு நடத்த வேண்டியதாயிற்று. அதிக வெளிச்சம் பட்டு சென்சார்கள் தடுமாறின என்று காரணம் சொல்லப்பட்டது. லுஸ்ஸரின் பெருக்கல் விடவில்லை. பார்வைக்கு எட்டும் வசதியை வாங்க, பாக எண்ணிக்கையில் விலை கொடுத்தோம். இந்தப் பேரத்தில் கொடுத்தது தகும் என்பது என் கட்சி.

தீர்ப்பு

ஒரு சர்க்யூட்டுக்கு ஒரே ஒரு சிக்கல் எண் கிடையாது. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் பாகங்களை எண்ணுங்கள். எவ்வளவு வேகம் என்று கேட்டால் ஆழத்தை எண்ணுங்கள். வடிவமைக்க எவ்வளவு உழைப்பு என்று கேட்டால் விதியின் நீளத்தைப் பாருங்கள். கட்டுவது எவ்வளவு தொல்லை என்றால் ஒன்றையொன்று அசைக்கிறவற்றை எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே நிற்கிறவர் எத்தனை அடியில் ஒரு பழுதைக் கண்டுபிடிப்பார் என்று கேளுங்கள்.

மார்க் போடுகிற சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்டின் பரப்பைப் பார்க்காமல், ஒரு கம்பியை நீங்களே கழற்றிவிட்டு, "எதைக் கழற்றினேன், கண்டுபிடி" என்று கேளுங்கள். அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போடுங்கள், இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாக இருந்தாலும். மாணவர்களுக்கும் ஒன்று: கட்டி முடித்ததும் ஒவ்வொரு பாகமாக, இது இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். ஓடினால் எடுத்துவிடுங்கள்.